படகு கரைக்கு வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்? கடல் மீன்பிடிப்பும் கடலோர ஊர்களின் பொருளாதாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவ ஊரில் பிறந்தவன். அப்பா கடலுக்குப் போனார், அம்மா கூடையில் மீன் விற்றார். ஆய்வுக்காகக் கல்லூரிப் பிள்ளைகளும் ஆர்வத்தில் வெளியூர் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டுக் கரையைப் பற்றியே பேசுகிறேன். எனக்குத் தெரிந்த கரை அதுதான்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழில் எவ்வளவு பெரியது?

14 கடலோர மாவட்டங்கள், 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை, அரசுக் கணக்கில் 608 கடல் மீனவ கிராமங்கள், அவற்றில் சுமார் பத்தரை லட்சம் மக்கள். ஏறத்தாழ ஆறாயிரம் விசைப்படகுகளும் நாற்பதாயிரத்துக்கு மேல் நாட்டுப்படகுகளும் உள்ளன. விசைப்படகு என்றால் பெரிய இயந்திரப் படகு; சின்ன ஃபைபர் படகு நாட்டுப்படகுக் கணக்கில் வரும். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஆண்டுதோறும் கரைக்கு வரும் மீனைக் கணக்கெடுக்கிறது. அதன்படி 2022இல் நாடு முழுவதும் 34.9 லட்சம் டன் கடல்மீன் பிடிபட்டது. அதில் 7.22 லட்சம் டன் தமிழ்நாட்டில். அந்த ஆண்டு முதலிடம் நமக்குத்தான்.

அப்படியானால் கடலோர மக்கள் வசதியாகத்தானே இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்களே இல்லை. அதே நிலையம் 2019இல் பிடிபட்ட மீனின் மதிப்பை இரண்டு இடத்தில் கணக்கிட்டது. இறங்குதளத்தில் ஏலம் போன விலையில் சுமார் 60 ஆயிரம் கோடி ரூபாய். சந்தையில் நாம் வாங்கும் விலையில் சுமார் 92 ஆயிரம் கோடி. நடுவில் முப்பதாயிரம் கோடிக்கு மேல். ஐஸ், லாரி, வியாபாரியின் லாபம், கெட்டுப்போகும் மீன் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடலோர ஊருக்கு வெளியே புழங்குவது.

சரி, மீதி 60 ஆயிரம் கோடியாவது ஊருக்குள் வருகிறதா என்றால் அதுவும் முழுசாக இல்லை. டீசல் பணம் பங்க் வழியாக அன்றைக்கே வெளியே போய்விடும். இன்ஜின் காசு இன்ஜின் கம்பெனிக்கு, நூல் காசு வலை ஆலைக்கு. அதனால்தான் இந்தத் தொழிலை எத்தனை டன், எத்தனை கோடி என்று மட்டும் அளந்தால் ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்கிறேன். மீன் விற்ற பணத்தில் எவ்வளவு கரையில் தங்குகிறது, தங்குவது எத்தனை கைகளுக்குப் போகிறது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

ஒரு விசைப்படகு மீனோடு வந்தால் பணம் எப்படிப் பிரிகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூட்டிக் கழிக்க எளிதாக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. துறைமுகத்துக்குத் துறைமுகம், பருவத்துக்குப் பருவம் மாறும்.

ஐந்து நாள் தங்கல், அதாவது கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போன விசைப்படகு ஒன்று 3 லட்சம் ரூபாய்க்கு மீன் விற்கிறது. ஏலக்காரர் கமிஷன் 15,000. டீசல் 1,20,000. ஐஸ், அரிசி, பருப்பு, தண்ணீர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 45,000. மிஞ்சுவது 1,20,000. இதில் நூற்றுக்கு 60 படகு முதலாளிக்கு, 40 தொழிலாளிக்கு என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு 72,000. அதில்தான் அவர் கடன் தவணை, கிழிந்த வலை, அடுத்த பழுது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தொழிலாளிகளுக்கு 48,000. படகில் ஏழு பேர். டிரைவருக்கு இரண்டு பங்கு, மற்ற ஆறு பேருக்கும் தலைக்கு ஒரு பங்கு. ஆக எட்டுப் பங்கு, பங்கு 6,000.

ஐந்து இரவும் பகலும் கடலில் கிடந்தவருக்கு ஆறாயிரம். பாடு, அதாவது கிடைத்த மீன், நன்றாக இருந்த தங்கலின் கணக்கு இது. விற்பனை ஒன்றரை லட்சத்தோடு நின்றுபோனால் செலவைக் கழித்ததும் கையில் ஒன்றும் இராது. சம்பளம் என்ற ஒன்று இந்தத் தொழிலில் கிடையாது, பங்குதான். வந்தால் எல்லாருக்கும் வரும், வராவிட்டால் எல்லாருக்கும் வராது. இந்தப் பங்கு முறைதான் தொழிலைத் தாங்கிப் பிடித்திருக்கிறது, தொழிலாளியைத் தொங்கலிலும் வைத்திருக்கிறது.

கமிஷன், ஐஸ் பணத்தைப் பெறுகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தைச் சுற்றியே இருப்பவர்கள். ஐஸ் கம்பெனி, மளிகைக்கடை, லேத் பட்டறை, வெல்டிங் கடை, வலை பின்னுகிறவர், தச்சர், மீனை இறக்குபவர், எடை போடுபவர், தள்ளுவண்டிக்காரர், டீக்கடை. கடலுக்கே போகாத இவர்கள் வீட்டில் உலை கொதிப்பதும் அந்தப் படகால்தான். ஒரு நாள் படகு போகாவிட்டால் துறைமுகத்து டீக்கடை வடையைக் குறைத்துப் போடும்.

விசைப்படகா, ஃபைபர் படகா? எதனால் ஊருக்கு அதிக நன்மை?

மேலே பார்த்த கணக்கில் 100 ரூபாய் விற்பனைக்குத் தொழிலாளிகள் கையில் கிடைத்தது 16 ரூபாய். இப்போது ஒரு ஃபைபர் படகைப் பாருங்கள். விடியற்காலை போய் மதியத்துக்குள் திரும்பும், நாலு பேர், மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும் செவுள் வலை. விற்பனை 15,000. எண்ணெய், ஐஸ், கமிஷன் போக 10,500. படகுக்கும் இன்ஜினுக்கும் வலைக்கும் மூன்று பங்கு, ஆளுக்கு ஒன்றாக நாலு பங்கு, பங்கு 1,500. நாலு பேருக்கும் சேர்த்து 6,000, அதாவது நூற்றுக்கு 40. படகு முதலாளியும் பெரும்பாலும் அந்த நாலு பேரில் ஒருவர்தான்.

ஒரே தொகைக்கு விற்றாலும் சின்னப் படகின் பணம் ஊருக்குள் அதிகம் தங்குகிறது. எண்ணெய்ச் செலவு குறைவு, பங்காளிகள் அதிகம், முதல் போட்டவரும் அதே தெருக்காரர். இது என் சாய்வு என்றும் சொல்லலாம். அப்பா ஓட்டியது சின்னப் படகு. ஆனால் எண்ணைப் போட்டுப் பார்த்தபிறகும் என் எண்ணம் மாறவில்லை.

விசைப்படகுக்காரர்களை வில்லன் ஆக்கவும் எனக்கு மனமில்லை. நாகை, கடலூர், ராமேஸ்வரம், தூத்துக்குடி, காசிமேடு என்று பெரிய துறைமுகங்கள் உருவானதும், ஐஸ் கம்பெனிகளும் ஏற்றுமதிக் கம்பெனிகளும் வந்ததும் அவர்கள் கொண்டுவந்த சரக்கால்தான். 1953இல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டம் இயந்திரப் படகைக் கொண்டுவந்தது. அறுபதுகளில் இறாலுக்கு வெளிநாட்டு விலை கிடைத்ததும் படகின் பின்னால் இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி கடற்கரை எங்கும் பரவியது. எழுபதுகளில் விசைப்படகுகள் கரையோரம் வந்து இழுக்க, சின்னப் படகுகளின் வலைகள் அறுந்தன. ஊருக்கு ஊர் மோதல். அதன் விளைவாக வந்ததுதான் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை, அதாவது ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு என்று அது ஒதுக்கியது. காகிதத்தில் கரையோர ஒதுக்கீடு இன்றும் இருக்கிறது.

சுனாமியும் இந்தக் கணக்கைக் குழப்பியது. 2004 டிசம்பர் 26 அன்று நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இழந்தோம். அதன்பின் உதவ வந்தவர்கள் பலரும் ஃபைபர் படகுகளைக் கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் பல ஊர்களில் இருந்ததைவிட அதிகமான படகுகள் வந்து சேர்ந்தன. இருக்கிற மீனை அத்தனை படகும் பங்கு போட்டால் படகுக்குக் கிடைப்பது குறையத்தானே செய்யும்?

மீனவர்கள் ஏன் எப்போதும் ஏலக்காரரிடம் கடன்பட்டிருக்கிறார்கள்?

வலை வாங்க, இன்ஜின் மாற்ற இரண்டு லட்சம் வேண்டும். வங்கி பத்திரம் கேட்கும். மீனவக் குப்பத்து வீட்டுக்குப் பட்டா இருந்தாலே அதிசயம். ஏலக்காரர் எதுவும் கேட்காமல் முன்பணம் தருவார். மாத வட்டிகூடச் சில இடங்களில் கிடையாது. ஒரே நிபந்தனை: பிடிக்கிற மீனை எல்லாம் அவர் வழியாகவே விற்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கமிஷன். கமிஷன் எவ்வளவு போனாலும் அசல் குறையாது. பத்து வருஷம் கழித்தும் அந்த இரண்டு லட்சம் அப்படியே நிற்கும், அதற்குள் கமிஷனாகப் போனது அதைப்போலச் சில மடங்கு ஆகியிருக்கும்.

கமிஷனைவிடக் கொடுமை, விலை பேசும் உரிமை கைவிட்டுப் போவது. வாங்குகிற வியாபாரியும் ஏலக்காரரும் வேண்டியவர்களாக இருந்தால் வஞ்சிரம் கிலோவுக்கு என்ன விலை போகும் என்று பிடித்தவர் வாய் திறந்து கேட்க முடியாது. எங்கள் வீட்டில் அப்பா ஏலத்தின்போது சற்றுத் தள்ளி வலையை உதறிக்கொண்டு நிற்பார். கடன் தீரும்வரை அருகில் போனதே இல்லை.

ஏலக்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நடு இரவில் பிரசவ வலி வந்தால் பணம் எடுத்துத் தருகிறவரும் அவர்தான். மீன் பாடே இல்லாத மாதத்தில் அரிசிக்குக் கொடுக்கிறவரும் அவர்தான். அந்த இடத்தை வேறொன்று நிரப்பாமல் அவரைப் போகச் சொன்னால் ஊர் நிற்காது.

நிரப்ப முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கு அருகே மரியநாடு என்ற ஊரில் மீனவர்கள் தங்களுக்குள் சங்கம் அமைத்து, தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். கமிஷனில் ஒரு பகுதி சங்கச் செலவுக்கு, ஒரு பகுதி மீனவரின் சேமிப்புக்கு, படகு வாங்கக் கடன் சங்கத்திடமிருந்தே. அந்த முறையைப் பின்பற்றிய சங்கங்கள் சேர்ந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமான சிஃப்ஸ் என்றால் கரையில் எல்லாருக்கும் தெரியும். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலும் இந்த முறை வேர்விட்டது. இங்கே கமிஷன் போனாலும் கரையிலேயே தங்கி, பிடித்தவரிடமே சேமிப்பாகத் திரும்பி வருகிறது. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை 2018-19இல் மீனவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அது அவசரத் தேவைக்கு உதவும். முதல் விற்பனை உரிமையை மீட்டுத் தருவது சங்கம்தான்.

பெண்கள் கடலுக்குப் போவதில்லையே, அவர்களுக்கு இதில் என்ன பங்கு?

என் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு இறங்குதளத்தில் இருப்பார். லாரி வைத்திருக்கும் வியாபாரியோடு போட்டி போட்டு ஒரு கூடை எடுக்கத் தனியாளால் முடியாது. அதனால் நாலைந்து பெண்கள் சேர்ந்து எடுத்து, மணலில் கொட்டிப் பங்கு வைத்துக்கொள்வார்கள். அப்புறம் ஐஸ், ஷேர் ஆட்டோ, வெயில் ஏறுவதற்குள் பத்து கிலோமீட்டர் தாண்டிய கிராமங்கள். தெருமுனையில் உட்கார்ந்து கூறு போட்டு விற்பது. மிஞ்சியதை வீட்டுக்கு வந்ததும் உப்பிட்டு உலர்த்துவது. கருவாடு என்பது எங்கள் வீட்டில் விற்காத மீனின் இரண்டாவது வாய்ப்பு.

ஆண்களின் பங்குப் பணம் மொத்தமாக வரும், வராமலும் போகும். பெண்கள் கொண்டுவரும் இருநூறு, முந்நூறு தினமும் வரும். அரிசி, பள்ளிக்கூட நோட்டு, மாத்திரை எல்லாம் அந்தப் பணத்தில்தான். வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பெரிய பாடு வந்த நாள் கடனை அடைத்தது, அம்மாவின் கூடை சோறு போட்டது.

இவர்கள் வேலையைப் பல கணக்குகள் எண்ணுவதே இல்லை. மீனவர் என்றால் கடலுக்குப் போகிறவர் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இறங்குதளங்களில் கோடிக்கணக்கில் செலவழித்து ஏலக்கூடம் கட்டுவார்கள். பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது, இருந்தால் தண்ணீர் வராது. 2021இல் குமரி மாவட்டத்தில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவரை நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட செய்தி வந்தது. அப்போது நாடே கோபப்பட்டது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. பிடிபடும் சின்ன மீனில் பெரும்பகுதி இப்போது கழிசல் என்ற பெயரில் மீன்தூள் ஆலைகளுக்குப் போகிறது. கோழித் தீவனமாகவும் இறால் தீவனமாகவும் மாறுகிறது. காரப்பொடி, கவலை, மத்தி போன்ற மீன்களை மலிவாக எடுத்து உலர்த்திப் பிழைத்த பெண்களால் ஆலை வண்டியின் விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. டன் கணக்கில் பார்த்தால் இது தெரியாது. கருவாட்டுக் களங்கள்தான் காலியாகின்றன.

ஏற்றுமதியால் கடலோர மீனவர்களுக்கு லாபம் இல்லையா?

2023-24இல் இந்தியா 60,523 கோடி ரூபாய்க்குக் கடலுணவு ஏற்றுமதி செய்தது. இதைக் கேட்டதும் மீனவர் வலையில் அத்தனை கோடியும் விழுந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். அதில் ஏறத்தாழ 40,000 கோடி உறைய வைத்த இறால் மட்டும். அந்த இறாலில் பெரும்பகுதி குளங்களில் வளர்த்த வனாமி என்ற வகை, ஆந்திராவிலிருந்து வருவது. கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா சில ஆண்டுகளாக வாங்குவதில்லை. ஆமை மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழிவிடும் கருவி நம் இழுவை வலைகளில் இல்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

கடலில் பிடித்ததில் கணவாய், நண்டு, சூரை, சில பெரிய மீன்களுக்கு ஏற்றுமதி விலை கிடைக்கிறது. பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டு நல்ல உதாரணம். சின்னப் படகில் பிடிபட்டு, மண்டபம் பக்கத்துக் கம்பெனிகளில் பெண்கள் கையால் சதை எடுத்து, டின்னில் அடைபட்டுக் கப்பலேறுகிறது. பிடிப்பவர், எடுப்பவர் இருவருக்கும் கரையிலேயே வேலை. இந்த மாதிரி ஏற்றுமதி வந்தால் நான் கைதட்டுவேன்.

தடைக்காலத்தில் ஊர் எப்படி நடக்கிறது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. மேற்குக் கரையில், குமரி மாவட்டத்தின் அரபிக்கடல் பக்கம் உட்பட, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை.

துறைமுகத்தில் அந்த இரண்டு மாதமும் சத்தம் மாறிவிடும். படகை மேடேற்றுவது, பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜினை இறக்குவது என்று தச்சருக்கும் மெக்கானிக்குக்கும் வருஷத்தில் கைநிறைய வேலை அப்போதுதான். முதலாளிக்கு லட்சக்கணக்கில் செலவு. படகுத் தொழிலாளி வீட்டில் நகை அடகுக்கடைக்குப் போகும். சந்தையில் மீன் வரத்து குறைவதால் ஃபைபர்காரர்களுக்கு மட்டும் நல்ல விலை.

அரசு ஒரு குடும்பத்துக்குத் தரும் தடைக்கால நிவாரணம் 2023 அறிவிப்புக்குப் பின் 8,000 ரூபாய். 61ஆல் வகுத்தால் நாளைக்கு 131 ரூபாய். அதோடு சேமிப்பு-நிவாரணத் திட்டம் ஒன்று உண்டு: மீனவர் 1,500 கட்டினால் மத்திய அரசும் மாநில அரசும் தலா 1,500 போட்டு 4,500ஆகத் திருப்பித் தரும். தடை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மீன் முட்டையிடும் காலத்தில் வலையை ஓயவிடத்தான் வேண்டும். ஆனால் நாடு முழுவதும் சாப்பிடும் மீனுக்காக ஓய்வெடுப்பவருக்கு நாளைக்கு 131 ரூபாய் என்பது போதாது.

சுருக்குமடிக்கு ஏன் இவ்வளவு சண்டை?

மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி ஒரே இழுப்பில் டன் கணக்கில் அள்ளும் வலை அது. தமிழ்நாட்டில் 2000த்திலேயே தடை வந்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவாக, 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை அனுமதித்தது. ஒரு படகில் முப்பது, நாற்பது பேருக்கு வேலை தருகிறது என்பது வைத்திருப்பவர்கள் வாதம், அது உண்மைதான். ஒரே நாளில் அத்தனை மத்தி வந்து கொட்டினால் மற்ற எல்லாப் படகின் மத்திக்கும் விலை விழுகிறது என்பது சின்னப் படகுக்காரர்கள் வாதம். அதுவும் உண்மை. என் ஊர் எந்தப் பக்கம் நின்றது என்று சொன்னால் பக்கத்து ஊரில் எனக்குச் சோறு கிடைக்காது.

மீன் சொந்த ஊரில் இறங்காவிட்டால்?

தூத்தூரைப் பாருங்கள். குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை வரிசையாக எட்டு ஊர்கள். இந்தியாவின் மிகச் சிறந்த ஆழ்கடல் மீனவர்கள் என்று சொன்னால் மிகையில்லை. லட்சத்தீவைத் தாண்டி, ஓமன் பக்கம் வரை போய், ஒரு மாதத்துக்கு மேல் கடலிலேயே இருந்து சூரையும் சுறாவும் பிடிப்பார்கள். ஆனால் பல படகுகளும் தொழில் செய்வது கொச்சியிலிருந்து. டீசல், ஐஸ், மளிகை, ஏலக் கமிஷன் எல்லாம் கொச்சிக்கு. தூத்தூருக்கு வருவது பங்குப் பணம் மட்டும். அந்தப் பணத்தில் நல்ல வீடுகள் எழும்பியிருக்கின்றன, பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் படகைச் சுற்றி வளரும் பட்டறையும் ஐஸ் கம்பெனியும் அங்கே அந்த அளவுக்கு வளரவில்லை. ஒரு துறைமுகம் ஊருக்கு எதைக் கொண்டுவரும் என்பதற்கு, துறைமுகம் இல்லாமலே தொழில் செய்த இந்த ஊர்களைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நடுக்கடலில் இருந்தவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள். இறந்தவர், காணாமல் போனவர் குடும்பங்களுக்கு அரசு 20 லட்சம் கொடுத்தது. ஒரே வீட்டில் இரண்டு, மூன்று ஆண்கள் ஒரே படகில் போவது அங்கே வழக்கம். அப்படிப்பட்ட வீடுகளில் சம்பாதிக்க ஆளே மிஞ்சவில்லை.

வெளிநாட்டுப் படகுகளுக்கும் போகிறார்களா?

ஆம். குமரி, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பஹ்ரைன், சவூதி, ஈரான் என்று போகிறவர்கள் ஏராளம். அங்கேயும் பெரும்பாலும் பங்குதான், ஒப்பந்தச் சம்பளம் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது ஈரானில் சிக்கித் தவித்த மீனவர்களை ஜூலை மாதம் ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. அந்தப் பயணத்தில் ஏறத்தாழ 700 பேர் இருந்தார்கள். எதிர்த் திசையிலும் ஆள் வருகிறது. இன்று நம் துறைமுகங்களில் ஆந்திரா, ஒடிசா, வங்கத்துப் பிள்ளைகள் படகேறுகிறார்கள். நம் பிள்ளைகள் கடலுக்கு வர மறுப்பதும் ஒரு காரணம். படித்த பிள்ளையைக் கடலுக்கு அனுப்ப என் அப்பாவும்தான் சம்மதிக்கவில்லை.

பாக் நீரிணைப் பிரச்சினைக்கும் இந்தக் கணக்குக்கும் என்ன தொடர்பு?

ராமேஸ்வரத்தில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகள் மற்ற நாட்கள் என்று முறை வைத்திருக்கிறார்கள். குறுகிய கடல், அளவுக்கு மீறிய படகுகள். மூன்று நாளில் டீசல் காசையாவது எடுக்க வேண்டுமே என்று எல்லை தாண்டுகிறார்கள். பிடிபட்டால் சிறை; படகு போனால் லட்சக்கணக்கில் போட்ட முதல் போயிற்று. 2018 முதல் இலங்கைச் சட்டத்தில் அபராதமும் பல மடங்கு ஏறிவிட்டது. அக்கரையில் இருப்பதும் தமிழ் மீனவர்கள்தான். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கடலுக்கே போக முடியாமல் இருந்து, 2009க்குப் பிறகு சின்னப் படகோடு திரும்பியவர்கள். நம் இழுவைமடி அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகிறது. 2017இல் இலங்கை இழுவைமடியையே தடை செய்தது.

அதே ஆண்டு இங்கே 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டம் தொடங்கியது. ஒரு படகு 80 லட்சம். பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 10 சதவீதம் மீனவர், மீதி வங்கிக் கடன். எதிர்பார்த்த அளவுக்கு யாரும் முன்வரவில்லை. எனக்கு அது வியப்பாக இல்லை. காலையில் போய் மறுநாள் திரும்பி வரும் தொழிலைச் செய்தவரை மூன்று வாரம் கடலில் இரு என்று சொன்னால், படகு மட்டும் கொடுத்தால் போதாது. தூத்தூர்க்காரர்களின் படிப்பினையை ராமேஸ்வரத்துக்குக் கொண்டுபோக யாராவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

ஊர்ப் பொதுச் செலவுக்குத் தொழிலிலிருந்து பணம் வருகிறதா?

எங்கள் கரையில் ஊர்ப் பஞ்சாயத்து தலைக்கட்டுக்கு, அதாவது ஊர்க் கணக்கில் வரும் குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி வாங்கும். கோயில் திருவிழா, கடலில் இறந்தவர் குடும்பத்துக்கு உதவி, வழக்குச் செலவு எல்லாம் அதிலிருந்து. குமரிப் பக்கம் தேவாலயம் அந்த இடத்தில் இருக்கிறது. சுனாமி நிவாரணத்தைப் பல ஊர்ப் பஞ்சாயத்துகள் எல்லாத் தலைக்கட்டுக்கும் சமமாகப் பிரித்தன. ஆனால் தலைக்கட்டு என்று ஆண்களைத்தான் எண்ணுவார்கள். கணவனை இழந்த பெண்ணின் வீடு பல இடங்களில் முழுக் கணக்கில் வராது. இதை ஊரில் பேசினால் இன்றும் சண்டைதான்.

கல்லூரி ஆய்வுக்கு எங்கள் பக்கத்து இறங்குதளத்தைக் கணக்கெடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

அலுவலகத்தில் தொடங்காதீர்கள். விடியற்காலை நாலு மணிக்குப் போய் நில்லுங்கள். ஒரு படகைத் தேர்ந்தெடுத்து ஒரு மாதம் பின்தொடருங்கள். என்ன விலைக்கு விற்றது என்பதோடு ஏலம் எடுத்தவர் யார், பணம் கையில் வந்ததா கடனில் கழிந்ததா என்றும் எழுதுங்கள். கமிஷனை எழுதுங்கள், அசல் கடனையும் கேட்டு எழுதுங்கள். அதே மீனைப் பத்து மணிக்குச் சந்தையில் தேடி விலை கேளுங்கள். பெயரில் குழம்ப வேண்டாம்: சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடியில் சீலா, குமரியில் நெய்மீன், மூன்றும் ஒரே மீன்தான். கடலுக்குப் போகாத நாட்களை விட்டுவிடாதீர்கள், பூஜ்யம் என்று எழுதுங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் அந்தப் பூஜ்யங்கள் இருப்பதில்லை. அப்புறம், கூடையோடு கிளம்பும் ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டு அவர் பின்னாலேயே போங்கள். போகும்போது கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். மதியம் இரண்டு மணிக்கு முன்னால் அவர் உட்கார மாட்டார்.